கோமுகத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது? பனியாற்றுத் தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கோத்ரியிலிருந்து, இமயத்தில் கங்கோத்ரி பனியாறு முடிகிற இடமான கோமுகத்துக்கு நடை 18 கிலோமீட்டர். வருஷத்துக்கு இரண்டு முறை, மே கடைசியிலும் செப்டம்பரிலும், தமிழ்நாட்டிலிருந்து வருகிற சிறு குழுக்களை அந்த வழியில் அழைத்துப் போகிறேன். சீர்பாசா தாண்டி மரங்கள் குறையத் தொடங்கினால் கேள்விகள் வர ஆரம்பிக்கும். போஜ்பாசாவில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் ஓயாது. திரும்பத் திரும்ப வருவது அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டு, மலையில் மூச்சு வாங்கும்போது முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதியிருக்கிறேன்.

பனிப்பாறை, பனியாறு, பனிமலை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. செய்திகளில் எல்லாவற்றுக்கும் 'பனிப்பாறை' என்றே போட்டுவிடுகிறார்கள். கடலில் மிதப்பது பனிப்பாறை. மலையில் விழுந்த பனி வருஷக்கணக்கில் அடுக்கடுக்காக அழுந்தி, கெட்டிப்பட்டு, தன் எடையாலேயே சரிவில் நகரத் தொடங்கினால் அது பனியாறு. கங்கோத்ரி பனியாறு சௌகம்பா சிகரங்களின் அடியில் தொடங்கி, சுமார் 30 கிலோமீட்டர் இறங்கி வந்து கோமுகத்தில் முடிகிறது. அதன் நகர்வு வருஷத்துக்குச் சில பத்து மீட்டர்தான் என்றாலும், அதுவும் ஓட்டம்தான்.

இவ்வளவு தூரம் நடந்து வந்தால் வெறும் கல்லும் மண்ணுமாக இருக்கிறதே தம்பி, பனி எங்கே?

காலுக்கு அடியில் இருக்கிறது அம்மா. இரு பக்கத்து மலைகளிலிருந்தும் கல்லும் மண்ணும் விழுந்துகொண்டே இருக்கும். பனியாறு அதையெல்லாம் முதுகில் சுமந்து வருகிறது. கீழே வரவரப் பனி உருகிக் குறைகிறது, கல் உருகாமல் மிஞ்சுகிறது. அதனால் கடைசிச் சில கிலோமீட்டர்கள் பழைய கல்குவாரி மாதிரிதான் தெரியும். கோமுகத்தின் முகப்பில் மட்டும் பனி வெட்டுப்பட்டு, நீலமும் சாம்பலுமாக வெளியே தெரிகிறது.

இந்தக் கல் போர்வையின் கனத்தைப் பொறுத்துத்தான் உருகுகிற வேகம். மெல்லிய தூசிப் படலம் வெயிலை வாங்கிப் பனியை வேகமாக உருக்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் கனத்தால் அதே கல் வெயிலைத் தடுத்துப் பனியைக் காப்பாற்றும். ஒரே பனியாற்றில் பக்கத்துப் பக்கத்து இடங்களில்கூட உருகல் வேறுபடுவதற்கு இதுதான் காரணம்.

கங்கை கோமுகத்தில்தான் பிறக்கிறது என்கிறார்கள். அப்படியானால் பனிக்குள் ஊற்று இருக்கிறதா?

ஊற்று கிடையாது. கண்மாய்த் தூம்பில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கிறோம். அது தூம்பில் உண்டான தண்ணீர் என்று யாரும் சொல்லமாட்டோம், கரைக்குப் பின்னால் ஒரு கண்மாய் இருப்பது நமக்குத் தெரியும். கோமுகமும் ஒரு தூம்புவாய்தான். அங்கே பாகீரதியாக வெளிவருகிற தண்ணீர் 30 கிலோமீட்டர் பனியாற்றிலும், அதில் வந்து சேருகிற கிளைப் பனியாறுகளிலும், இரு பக்கச் சரிவுகளிலும் உருகியது. வழியில் பெய்த மழையும் அதில் உண்டு. எல்லாம் பனியின் மேலும் உள்ளும் அடியிலும் ஓடி, அந்த ஒரு வாயில் ஒன்றுசேருகிறது. பாகீரதி பிறகு தேவப்பிரயாகையில் அலகநந்தாவோடு சேர்ந்த பின்தான் கங்கை என்ற பெயரைப் பெறுகிறது.

பனி கல் மாதிரி கெட்டியாச்சே, மேலே உருகின தண்ணீர் அதற்குள்ளே எப்படிப் போகும்?

கெட்டிப் பனியில் தண்ணீர் ஊறாது, சரிதான். ஆனால் பனியாறு வளைவிலும் மேட்டிலும் நகரும்போது மேற்பரப்பு விரிந்து பிளவுபடும். மேலே ஓடுகிற சிற்றோடை ஒன்று அப்படிப்பட்ட பிளவில் விழுந்தால் வழி கிடைத்துவிடுகிறது. விழுகிற தண்ணீர் சுவரை உருக்கி உருக்கிப் பிளவைக் கிணறு மாதிரி உருட்டிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு மூலான் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் மாவு மில்லுக்கு அதுதான் சொல். நாம் பனிக்கிணறு என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளவில் தண்ணீர் நிரம்பி நின்றால் இன்னொன்றும் நடக்கும். தண்ணீர் பனியைவிடக் கனம். பிளவின் அடிநுனியில் அது ஆப்பு மாதிரி அழுத்தி இன்னும் கீழே கிழித்துக்கொண்டு போகும். 2006 ஜூலையில் கிரீன்லாந்தில் பனியின் மேல் இருந்த ஓர் ஏரி இப்படித்தான் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமனான பனியைப் பிளந்து அடிக்குப் போனது. ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்குள் மேலே ஒன்றும் இல்லை.

அவ்வளவு குளிரில் உள்ளே போன தண்ணீர் உறைந்துவிடாதா?

கொஞ்சம் உறையும். ஆனால் தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியே விடுகிறது. அந்தச் சூடு சுற்றியுள்ள பனியைச் சூடாக்கிப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால், அதன் பிறகு வருகிற தண்ணீர் உறையக் காரணம் இல்லை. பனியாற்றின் கீழ்ப்பகுதியில் கோடையில் பெரும்பாலும் இந்த நிலைதான்.

ஓடுகிற தண்ணீர் உராய்வால் தானே சூட்டையும் உண்டாக்குகிறது. 1,000 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் அந்தச் சூடு ஏறக்குறைய 3 கிலோ பனியை உருக்கப் போதும். கேட்கச் சின்னக் கணக்காகத் தெரியும். விநாடிக்கு ஒரு லட்சம் லிட்டர் ஓடுகிற இடத்தில் அது விநாடிக்கு 300 கிலோ. பனியின் அடியிலிருந்து பூமியின் சூடு வேறு வருகிறது, வருஷத்துக்கு 6 மில்லிமீட்டர் அளவுக்குப் பனியை உருக்குகிற மெல்லிய சூடு. அன்டார்க்டிகாவில் மேலே கடுங்குளிர் இருந்தும், 4 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த பனி அந்தச் சூட்டைக் கம்பளி மாதிரி பிடித்து வைத்திருப்பதால் அடியில் வோஸ்டாக் என்ற பெரிய ஏரியே உறையாமல் கிடக்கிறது.

அடியில் பெரிய குகையாக இருக்குமா, இல்லை வாய்க்கால் வாய்க்காலாக இருக்குமா?

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

மே மாதத் தொடக்கத்தில் அடியில் பெரிய வழி எதுவும் இருக்காது. பனி பாறைமேல் நகரும்போது ஒவ்வொரு பாறைப் புடைப்புக்கும் பின்னால் ஒரு சிறு இடைவெளி விழும். ஒரு துணியைக் கருங்கல் தரையில் இழுத்தால் மேட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தூக்கி நிற்குமே, அது போல. இந்தப் பொந்துகளை மெல்லிய இடுக்குகள் இணைக்கின்றன. தண்ணீர் பொந்துக்குப் பொந்து வளைந்து வளைந்து மெதுவாகக் கசிகிறது. போக இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது.

வெயில் ஏறி வரத்து கூடினால், ஏதோ ஓர் இடுக்கில் மற்றதைவிடச் சிறிது அதிகம் ஓடும். முந்தைய பதிலில் சொன்ன உராய்வுச் சூடு அங்கே சுவரை உருக்கும். வழி அகலமாகும், இன்னும் அதிகம் ஓடும். கூடவே மேலிருக்கும் பனியின் எடை வழியை நசுக்கி மூடப் பார்க்கும். ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 1972-ல் இந்த இழுபறியைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதில் எதிர்பாராத ஒரு முடிவு கிடைத்தது: ஓட்டம் சீராக இருக்கும்போது, பெரிய குழாயில் அழுத்தம் குறைவு. அதனால் அது பக்கத்துச் சின்ன வழிகளின் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகஸ்டுக்குள் சில பெரிய சுரங்கங்கள் மட்டும் மிஞ்சி முழு ஓட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். குளிர் வந்து வரத்து குறைந்ததும் பனியின் எடை ஜெயித்து, சுரங்கங்கள் இறுகும். அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வருஷமும் தானே தோண்டி, தானே மூடிக்கொள்கிற வாய்க்கால் இது.

காலையில் கடந்து வந்த ஓடை சாயங்காலம் ஏன் இப்படி ஏறிவிட்டது?

போஜ்பாசாவில் ஆற்றோரம் ஒரு பாறையில் நான் காலை ஆறு மணிக்குச் சாக்பீஸால் கோடு போடுவேன், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழுவை அழைத்துப்போய்க் காட்டினால் நல்ல வெயில் நாளில் கோடு தண்ணீருக்குள் போயிருக்கும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

வெயில் உச்சிக்கு வருவது நடுப்பகலில். உருகிய தண்ணீர் மேலிருந்து இறங்கி, உள்ளே புகுந்து, அடிவழியாக வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் ஆற்றின் உச்சம் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போகிறது. பருவத் தொடக்கத்தில் மேலே கிடக்கும் புதுப்பனி தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைக்கும், அடியிலும் பொந்து வழிதான், ஆகவே தாமதம் அதிகம். சுரங்கங்கள் திறந்த பின் தாமதம் குறையும், ஏற்ற இறக்கம் கூடும். ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனம் போஜ்பாசாவில் இந்த ஓட்டத்தைப் பல பருவங்களில் அளந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் சராசரி ஓட்டம் விநாடிக்கு 100 கனமீட்டரை ஒட்டி இருக்கும், நம் கணக்கில் சுமார் 3,500 கனஅடி.

ஆகவே, ஓடைகளைக் கடப்பது காலையில். கோமுகத்தின் முகப்புக்குப் பக்கத்தில் எந்த நேரத்திலும் போகக்கூடாது. வீட்டளவு பனித்துண்டுகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உடைந்து விழும். புண்ணிய தீர்த்தம் என்று அந்த வாய்க்கே போய் முங்கப் பார்ப்பவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன், இனியும் நிறுத்துவேன்.

கங்காஜலம் என்று பாட்டிலில் பிடித்தால் சாம்பல் கலரில் இருக்கிறதே, அழுக்கா?

கல் மாவு. பனியாற்றின் அடியில் சிக்கிய கற்கள் பாறைமேல் அம்மி அரைக்கிற மாதிரி அரைபட்டு மாவாகின்றன. அடிச்சுரங்கத் தண்ணீர் அதை அள்ளிக்கொண்டு வருகிறது. ராமேஸ்வரம் ராமநாதசுவாமி அபிஷேகத்துக்கென்று இங்கேயிருந்து தண்ணீர் எடுத்துப்போகிறவர்கள் உண்டு. ஒரு பாட்டிலை இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் மெல்லிய படலமாகச் சாம்பல் படிந்திருக்கும், மேலே மட்டும் இன்னும் பால் கலந்த மாதிரி மங்கலாக நிற்கும். மிக நுண்ணிய தூள் படிய நாள் கணக்காகும். தண்ணீர் பனியாற்றின் அடித்தரையைத் தொட்டு வந்ததற்கு அந்த மங்கலே சாட்சி. நேராகக் குடிக்காதீர்கள், தெளியவைத்துக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

குளிர்காலத்தில் எல்லாம் உறைந்தால் ஆறு நின்றுவிடுமா?

மெலியும், நிற்காது. மேலே உருகல் நின்றாலும் பொந்துகளில் தங்கிய தண்ணீர் மெதுவாக வடிந்துகொண்டிருக்கும். பூமிச் சூட்டில் உருகுவதும் நிலத்தடி நீரும் கூடச் சேரும். அளவில் கோடை ஓட்டத்தின் ஒரு சிறு பங்குதான்.

யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லையே, எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

சில இடங்களில் போயிருக்கிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் வடிந்த பின் பனிக்கிணறுகளில் கயிறு கட்டி இறங்கி அளந்திருக்கிறார்கள். ஆனால் அடிவழிகளை அறிய அதிகம் உதவியது சாயம். பனிக்கிணறு ஒன்றில் ரோடமின் போன்ற ஒளிரும் சாயத்தைக் கொட்டிவிட்டு, கீழே ஆற்றில் அது எப்போது வருகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் வந்து சட்டென்று முடிந்தால் நடுவில் சுரங்கம் இருக்கிறது. தாமதமாக வந்து நெடுநேரம் இழுத்தால் பொந்து வழி. ஒரே கிணற்றில் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் கொட்டிப் பார்த்தால் அந்த மாற்றமே தெரியும். வெந்நீரால் துளை போட்டு அழுத்தம் அளப்பதும் உண்டு.

பனிக்கு அடியில் தண்ணீர் மேட்டில்கூட ஏறும் என்று படித்தேன். நம்பலாமா சார்?

நம்பலாம். திறந்த வாய்க்காலில் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆனால் மூடிய குழாயில் அழுத்தம் கொடுத்தால் மாடித் தொட்டிக்கும் ஏறுகிறது இல்லையா? பனியாற்றின் அடியில் அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மேலிருக்கும் பனியின் எடை. 100 மீட்டர் பனி என்றால் 90 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரின் எடை.

ஆகவே அடித்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அடிப்பாறையின் சரிவைவிடப் பனியின் மேற்பரப்புச் சரிவுதான் பெரிதும் தீர்மானிக்கிறது, கிட்டத்தட்ட 11 மடங்கு. பனி மேலே முன்னோக்கிச் சரிந்திருந்தால், அடியில் உள்ள பாறை மேட்டைத் தண்ணீர் ஏறிக் கடந்துவிடும். சுரங்கம் அழுத்தத்தோடு நிரம்பி ஓடும்போது மட்டும்தான் இது. முகப்புக்குப் பக்கத்தில், மேலே காற்றுப் படும்படி ஓடும் இடத்தில், சாதாரண வாய்க்கால் விதிதான்.

அடியில் இவ்வளவு தண்ணீர் இருந்தால் பனியாறு மொத்தமாக வழுக்கி வந்துவிடாதா?

அளவைவிட அழுத்தம்தான் முக்கியம். பருவத் தொடக்கத்தில் பொந்து வழிகளில் தண்ணீர் தேங்கி அழுத்தம் ஏறும்போது அது பனியைப் பாறையிலிருந்து லேசாகத் தூக்குகிறது. பிடிமானம் குறைந்து பனியாறு சில நாட்கள் வேகமாக நகரும். சுரங்கங்கள் திறந்து தண்ணீர் வடிந்ததும், தண்ணீர் அதிகமாக ஓடினாலும்கூட, நகர்வு மெதுவாகிவிடும்.

சில பனியாறுகளில் இந்த வடிகால் மாற்றம் நடக்காமல் தள்ளிப் போகும். அலாஸ்காவின் வேரிகேட்டட் பனியாறு 1982-83ல் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பாய்ந்து முன்னேறியது. கடைசியில் அடியில் தேங்கிய தண்ணீர் வெள்ளமாக வெளியே வந்தது, பனியாறும் உடனே அடங்கியது.

"பனிப்பாறை வெடித்தது" என்று நியூஸில் போடுகிறார்களே, அது இதுதானா?

அந்த ஒரே சொல்லில் மூன்று வேறு வேறு சம்பவங்களைக் கலந்துவிடுகிறார்கள். பனி தானாக வெடிப்பதில்லை.

முதல் வகை, பனியாறு தள்ளிவிட்ட கல்மேட்டுக்குப் பின்னால் தேங்கிய ஏரி உடைவது. கேதார்நாத்தில் 2013 ஜூன் 17 காலையில் உடைந்த சோராபாரி ஏரி அப்படிப்பட்டது. அதற்கு முன் பெய்த பெருமழையும் உருகிய பனியும் அதை நிரப்பியிருந்தன. சிக்கிமில் 2023 அக்டோபர் 3 இரவு தெற்கு லோனாக் ஏரியின் பக்கக் கல்மேடு சரிந்து ஏரிக்குள் விழுந்தது, எழுந்த அலை கரையை உடைத்தது, கீழே சுங்தாங்கில் தீஸ்தா அணை அடித்துச் செல்லப்பட்டது.

இரண்டாவது வகை, பாறையும் பனியும் சரிவது. சமோலியில் 2021 பிப்ரவரி 7 நடந்தது இது. ரோண்டி சிகரத்தின் வடமுகத்திலிருந்து சுமார் 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, உராய்வில் பனி உருகிச் சேற்று வெள்ளமானது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஏரி எதுவும் அங்கே உடையவில்லை. (அந்தச் செய்தியில் வந்த தபோவன் வேறு, கோமுகத்துக்கு மேலே உள்ள தபோவன் வேறு. ஒவ்வொரு முறையும் யாராவது பயந்துபோய்க் கேட்பார்கள்.)

மூன்றாவது வகைதான் நாம் பேசிவரும் அடிவழிகளோடு நேராகச் சேர்ந்தது: பனிக்கு அடியிலேயே தேங்கிய தண்ணீர் சுரங்கம் தோண்டி வெளியேறுவது. ஐஸ்லாந்தில் 1996-ல் வாட்னா பனிப்பரப்புக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய தண்ணீர் கிரிம்ஸ்வோட்ன் பள்ளத்தில் வாரக்கணக்கில் சேர்ந்து நவம்பர் 5 அன்று வெளியே பாய்ந்தது. அளவு 3 கன கிலோமீட்டருக்கு மேல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதைவிட அதிகமான தண்ணீர் ஓரிரு நாளில் வெளியேறியது.

பனியாறு உருகித் தீர்ந்தால் கங்கை வற்றிவிடுமா?

வற்றாது. கங்கையின் பெரும்பங்கு பருவமழை. யமுனை, காக்ரா, கண்டகி, கோசி என்று வழியெல்லாம் ஆறுகள் வந்து சேருகின்றன. தேவப்பிரயாகையில் வருஷ ஓட்டத்தில் பனிப்பொழிவும் பனியாறும் உருகித் தருவது ஏறத்தாழ 30 சதவீதம். கீழே போகப்போக அந்தப் பங்கு வேகமாகச் சுருங்கும். சிந்து நதியின் கதை வேறு. அது ஓடும் சமவெளியில் மழை குறைவு, உருகு நீரை நம்பித்தான் அந்தப் பாசனம் இருக்கிறது.

இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் ஒரு வரி வந்தது. அது தவறு என்று 2010 ஜனவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த வரியைக் காட்டி இன்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள், அது தவறானதைக் காட்டி வேறு சிலர் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. கோமுகம் 1935 முதல் 1996 வரை மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. இன்றும் பின்வாங்குகிறது. வருஷ மொத்தத்தை மட்டும் பார்த்தால் இழப்பு சிறிதாகத் தெரியும். மழை வருவதற்கு முந்தைய ஏப்ரல், மே, ஜூனிலும், மழை பொய்த்த வருஷத்திலும் மலைக்கிராமங்களுக்கு இந்தத் தண்ணீர்தான் கதி. நான் கவலைப்படுவது அந்த மாதங்களுக்காக.

அதிகமாக உருகினால் தண்ணீர் அதிகமாக வரும், நல்லதுதானே?

சில காலம் வரும். சேமிப்புப் பணத்தை எடுத்துச் செலவழிக்கிற வீட்டில் கொஞ்ச நாள் தாராளமாக இருக்கிற மாதிரி. பனியாறு சுருங்கச் சுருங்க உருகுவதற்கு இருக்கும் பரப்பே குறைந்து, ஓட்டம் ஒரு உச்சத்தைத் தொட்டு அப்புறம் இறங்கத் தொடங்கும். சிறிய பனியாறுகளில் இந்த உச்சம் முன்னதாக வரும், பெரியவற்றில் பிந்தி வரும்.

நம்ம காவிரிக்கு இதில் ஏதாவது உண்டா?

இல்லை. தெற்கே பனியாறே கிடையாது. காவிரிக்கு மழையும் ஊற்றும்தான்.

கோமுகத்தில் நான் கையில் எடுக்கிற தண்ணீர் எத்தனை வருஷப் பழசு?

ஒரே கையில் பல வயது. நேற்று மதியம் மேலே பெய்த மழை அதில் இருக்கும். போன தை மாதம் விழுந்த பனி இருக்கும். சௌகம்பாவின் அடியில் விழுந்து, வருஷத்துக்குச் சில பத்து மீட்டராக நகர்ந்து, பல நூறு வருஷம் கழித்து இந்த வாரம் உருகிய பனியும் இருக்கும். ஆனால் தண்ணீராக மாறிய பிறகு கோமுகம் வந்து சேர எடுத்த நேரம், சுரங்கம் திறந்திருந்தால், சில மணி நேரத்திலிருந்து சில நாள்தான்.

செப்டம்பரில் தபோவன் போகும் வழியில் பனியாற்றைக் குறுக்கே கடக்கும்போது ஓர் இடத்தில் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்வேன். காற்று அடங்கினால் கல்லுக்கு அடியிலிருந்து ஒரு தொடர்ச்சியான இரைச்சல் கேட்கும், தூரத்தில் லாரி போகிற மாதிரி. போன முறை திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்து கல்லில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது தம்பி" என்றார்.